நிதானம், அப்பா, நிதானம்!

பிள்ளை வளர்ப்பில் பெற்றோருக்கு வரும் கவலைகளைக் காலவரிசைப்படி அடுக்கலாம். முதலில் பல் முளைக்கவில்லை என்ற கவலை. பிறகு எல்.கே.ஜி.யில் இடம். அப்புறம் கணக்கில் மார்க். அதன் பின் பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி. எல்லாம் முடிந்தது, இனி கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைக்கும் நேரம் பார்த்துப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைகிறது. கேக் வெட்டிய அதே கை, க்ரீமைக்கூடத் துடைக்காமல் அப்பாவை நோக்கி நீள்கிறது. "கார் சாவி?"

பெங்களூர் சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அந்தத் தெருவில் பத்து வீடுகளுக்காவது இந்தக் கதை பொருந்தும். அப்பா பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அம்மா வீட்டையும் அப்பாவையும் வைத்திருக்கிறார். பாட்டி அனைவரைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருக்கிறார். கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் மகள்தான் சாவி கேட்டவள்.

வேறு ஊராக இருந்தால் அப்பாவின் கவலை சாதாரணக் கவலை. சிவாஜிநகரில் அதற்கு வட்டி அதிகம். தமிழும் தக்கினி உருதும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் பழைய கன்டோன்மென்ட் பேட்டை இது. 1927இல் கட்டப்பட்டு 1933இல் திறக்கப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட், பக்கத்தில் செயின்ட் மேரீஸ் பசிலிக்கா, சற்றுத் தள்ளிப் பேருந்து நிலையம். நடுவில் உள்ள சாலையில் பஸ், ஆட்டோ, கோழிக் கூண்டு ஏற்றிய டெம்போ, பழம் விற்கும் தள்ளுவண்டி, தலையில் பூக்கூடையோடு நடக்கும் அம்மாள். செப்டம்பர் 8ஆம் தேதி மாதா திருவிழாவுக்குக் காவிப் புடவைக் கூட்டமும் தேரும். ரம்ஜான் மாதம் முழுவதும் நள்ளிரவு தாண்டியும் கபாப் கூட்டம். பக்ரீத்துக்கு முன்னால் ஆடுகள். ஆட்டுக்கு ஹாரன் சத்தம் புரியாது. புரிந்தாலும் அது மதிப்பதில்லை.

போதாக்குறைக்கு, பழைய கார்களைப் பிரித்து விற்கும் உதிரி பாகக் கடைகள் வேறு. தினமும் கடைக்குப் போகும் வழியில் அப்பா அவற்றைக் கடக்கிறார். நசுங்கிய கதவு, பாதி பானெட், ஒற்றைக் கண்ணோடு முறைக்கும் ஹெட்லைட். இத்தனை வருடமும் அவை அவருக்குப் பழைய இரும்பாகத் தெரிந்தன. மகள் சாவி கேட்ட மறுநாளிலிருந்து, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு தகப்பன் நிற்பதாகத் தெரிகிறது.

எல்.எல்.ஆர். வந்தது. அது ஆறு மாதம் செல்லும். ஆனால் எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியும். அந்த 30 நாள் எதற்கு என்பதில் வீட்டில் இரண்டு கருத்து. தான் வண்டிக்குப் பழகுவதற்கு என்றாள் மகள். அவள் அப்பன் அந்த எண்ணத்துக்குப் பழகுவதற்கு என்றார் பாட்டி.

கற்றுக்கொள்பவர் ஓட்டும் வண்டியில் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். விதிப்படி 18 செ.மீ. சதுரம் போதும். அப்பா வாங்கி வந்தது பின்பக்கக் கண்ணாடியில் பாதியை அடைத்துக்கொண்டது.

"பின்னால வர்றவனுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.

"பின்னால யார் வர்றான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள் மகள்.

முதல் பதினைந்து நாள் டிரைவிங் ஸ்கூல் காரில் பாடம். அந்த வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக்கும் கிளட்ச்சும் உண்டு. அதனால் மாஸ்டருக்கு வாழ்க்கையில் பெரிய பயம் எதுவும் இல்லை. அவர் பேசுவதெல்லாம் ஒரே சொல். கியர் போட்டாலும், வளைந்தாலும், மாடு குறுக்கே வந்தாலும், "நிதான, மேடம், நிதான." கன்னடத்தில் அதற்கு மெதுவாக என்று பொருள். தமிழில் நிதானம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல்: புத்தி அதன் இடத்தில் இருப்பது. குடித்தவன் இழப்பதும் கோபக்காரன் தொலைப்பதும் அதைத்தான்.

பதினாறாம் நாள் சொந்தக் கார். விடியற்காலை ஐந்தரை மணி. கன்னிங்ஹாம் ரோடு காலியாகக் கிடந்தது. லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்து சீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. அப்பா உட்கார்ந்தார். பின் சீட்டில் அம்மா. அவர் வர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. "என்ன ஆனாலும் ஒண்ணா ஆகட்டும்" என்று ஏறிவிட்டார்.

அப்பா பக்கம் பிரேக் இல்லை. இருந்தாலும் மிதித்தார். நூறு அடிக்கு ஒரு தரம் வலது கால் தானாக எழுந்து தரையைக் குத்தியது. உலகம் முழுவதும் கற்றுக்கொடுக்கும் அப்பாக்கள் மிதிக்கும் பிரேக் அது. எந்தக் கம்பெனியும் தயாரிப்பதில்லை, எந்தக் காரையும் நிறுத்தியதில்லை. காலோடு வாயும் சேர்ந்து வேலை செய்தது. "கிளட்ச்! கிளட்ச்! விடு, விடு, அவ்வளவு விடாதே! இடது பக்கம் பார், ஏன் இடது பக்கமே பாக்கறே? ஹாரன் அடி! இப்ப எதுக்கு ஹாரன்?" பின்னாலிருந்து அம்மா வழிபாட்டைக் கவனித்துக்கொண்டார். கோயில் வந்தால் மாரியம்மா, தர்கா வந்தால் பாவா, திரும்பி வரும்போது பசிலிக்கா கோபுரம் தெரிந்ததும் மாதாவே. சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் குழப்பம் கிடையாது. யாருடைய எல்லையில் கார் போகிறதோ, அவருடைய பொறுப்பு.

மூன்றாம் நாள் மகள் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அப்பா, மாஸ்டர் சொன்னா எனக்கு வருது. நீங்க சொன்னா மறந்து போகுது."

அப்பாவுக்கு ஆறுதலாக ஒரு பழைய கதை உண்டு. கார் என்ற ஒன்று பிறந்த காலத்திலேயே இந்தக் கவலையும் பிறந்துவிட்டது. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஒரு தாய், கணவர் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ள ஃபோர்ஸ்ஹைம் ஊருக்குத் தன் தாய்வீடு போனார். அவர் பெர்தா பென்ஸ். கணவர் கார்ல் பென்ஸ். உடன் போனவர்கள் இரண்டு மகன்கள். மூத்தவனுக்கு 15 வயது, இளையவனுக்கு 13. உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்திலேயே பதின்பருவப் பிள்ளைகள் இருந்தார்கள்; வீட்டில் ஒரு அப்பா என்ன ஆயிற்றோ என்று இருந்தார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது பெர்தா தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். மரத்தாலான பிரேக் தேய்ந்தபோது ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் அடித்து வாங்கினார். பிரேக்குக்கு உறை போடும் யோசனை ஒரு தாயிடமிருந்து வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கவலைப்படுவது வேறு, சரியான விஷயத்துக்குக் கவலைப்படுவது வேறு. பெரும்பாலான வீடுகளில் கவலை முழுவதும் கற்றுக்கொள்ளும் அந்த ஒரு மாதத்திலேயே செலவாகிவிடுகிறது. பெயின்ட் உரசுமோ, ஆட்டோக்காரர் சண்டைக்கு வருவாரோ, மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது பின்னால் உருளுமோ என்றெல்லாம். உண்மையில் பெற்றோர் பக்கத்தில் இருக்கும் நாட்களில் பிள்ளைகள் மெதுவாகத்தான் போகிறார்கள். பெற்றோர் இறங்கி, அந்த சீட்டில் நண்பர்கள் ஏறி, மணி இரவு பதினொன்று ஆகும்போதுதான் ஆபத்து ஏறுகிறது. நியூசிலாந்து இதை உணர்ந்து 1987இலேயே படிப்படியான லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. புதிதாக ஓட்டுகிறவர் முதல் கட்டத்தில் துணையில்லாமல் இரவில் ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. அமெரிக்க மாநிலங்களும் பிறகு இதே வழிக்கு வந்தன. இந்தியாவில் இந்த இடைப்படி கிடையாது. காலையில் லைசென்ஸ் வந்தால் அன்று இரவே ஐந்து பேரோடு நந்தி மலைக்குக் கிளம்பலாம். அந்த இடைப்படியாக நிற்க வேண்டியவர்கள் பெற்றோர்தான்.

நிற்காதவர்களும் இருக்கிறார்கள். "எங்க பையன் பதினாறு வயசுலேயே பைக்கை என்னமா ஓட்டறான்!" என்று தாம்பரத்திலிருந்து மாமா போனில் பெருமைப்பட்டார். பதினாறு வயதில் ஓட்டலாம் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்து வீட்டுக்கு வீடு நின்ற தலைமுறைக்கு அந்தச் சலுகை பயன்பட்டது. இன்று வீடுகளில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் 100 சிசிக்கு மேல். மாமா பையனின் பைக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, ரூ. 25,000 அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. மாமா பேச்சை மாற்றி மழையைப் பற்றி விசாரித்தார்.

2024 மே 19 அதிகாலை, புனேயின் கல்யாணி நகரில் 17 வயதுப் பையன் ஓட்டி வந்த விலை உயர்ந்த கார் மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். பையனுக்கு முதலில் கிடைத்த ஜாமீனின் நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதுவது. நாடே கொதித்த பிறகு அந்த உத்தரவு மாற்றப்பட்டது. பையனின் தந்தையும் கைதானார். இறந்த இருவருக்கும் பெற்றோர் இருந்தார்கள். அவர்களும் ஒரு காலத்தில் பல் முளைக்கவில்லை என்று கவலைப்பட்டவர்கள்தான். மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அந்தச் சாவுகளில் பத்துக்கு ஏழுக்குக் காரணம் வேகம். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,000க்கு மேல்.

இந்தக் கடைசிக் கணக்கை மகள் இரவுச் சாப்பாட்டின்போது சத்தமாகப் படித்தாள். எல்.எல்.ஆர். தேர்வுக்காகப் படித்ததில் சாலை விதிகள் அவளுக்குத் தலைகீழ் பாடம். படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. போனில் வீட்டு ஸ்கூட்டரின் எண்ணைப் போட்டு, செலுத்தாத அபராதம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

இருந்தது. படத்தோடு இருந்தது.

ஹெல்மெட் இல்லாமல் இரண்டு முறை. ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையில் ஒரு முறை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு, கழுத்தை ஒடித்துக்கொண்டு ஒரு முறை. நான்கு படத்திலும் அப்பா. கடைசிப் படத்தில் புன்னகைகூடச் செய்துகொண்டிருந்தார்.

"இது எப்ப எடுத்தது?" என்றார் அப்பா, கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பவர் போல.

"2023 பிப்ரவரியில கவர்மென்ட் பாதி அபராதம் தள்ளுபடின்னு அறிவிச்சுது. ஆடித் தள்ளுபடி மாதிரி எல்லாரும் வரிசையில நின்னு கட்டினாங்க. நீங்க அதுலயும் நின்னீங்கப்பா. இதெல்லாம் அதுக்கப்புறம் சேர்த்தது."

"மார்க்கெட் வரைக்கும் போறதுக்கு எதுக்கும்மா ஹெல்மெட்?"

"மார்க்கெட் வரைக்கும் போறப்ப தலை வீட்லயா இருக்கு?" என்றார் பாட்டி. பாட்டிக்கு வண்டியும் தெரியாது, லைசென்ஸும் கிடையாது. தீர்ப்புச் சொல்ல இரண்டும் தேவைப்படவில்லை.

பிள்ளைகள் வண்டி ஓட்டக் கற்பது டிரைவிங் ஸ்கூலில் சேரும் நாளில் தொடங்குவதில்லை. ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு பயணம் செய்த மூன்று வயதிலேயே தொடங்கிவிடுகிறது. சிவப்பு விளக்கு எரியும்போது போலீஸ்காரர் இருக்கிறாரா என்று அப்பா எட்டிப் பார்ப்பதை அந்தக் குழந்தையும் பார்த்திருக்கிறது. பதினைந்து வருடப் பாடத்தைப் பதினைந்து நாளில் மாற்றச் சொல்லி மாஸ்டருக்குப் பணம் கட்டுகிறோம்.

லைசென்ஸ் வந்தது. முதல் சில வாரம் பகலில் மட்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவரோடு. பிறகு ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, அலசூரில் அத்தை வீட்டில் இருந்த பாட்டியை அழைத்து வர மகள் தனியாகக் கிளம்பினாள். மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாவியைக் கையில் கொடுத்தார். கொடுத்த கையை இழுத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

எட்டு இருபதுக்கு அத்தை வீட்டிலிருந்து போன்: கிளம்பிவிட்டார்கள். எட்டரைக்கு அப்பா பால்கனிக்குப் போனார். எட்டு முப்பத்தைந்துக்கு மகளுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. எட்டு முப்பத்தேழுக்கு மறுபடி. எட்டு நாற்பதுக்கு அம்மாவின் போனிலிருந்து. உதிரி பாகக் கடையின் ஒற்றை ஹெட்லைட் அவர் கண்முன் வந்து நின்றது. எட்டு ஐம்பதுக்குள் ஏழு அழைப்பு. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கும்போது தெருமுனையில் கார் திரும்பியது. மெதுவாக வந்தது. ஒரு கீறல் இல்லை.

முதலில் இறங்கியவர் பாட்டி. "வழி பூரா இந்தப் பை அழுதுக்கிட்டே வந்துச்சுடா. யாருக்கோ உடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்."

"ஏன் போன் எடுக்கலை?" என்றார் அப்பா.

"ஓட்டும்போது எடுக்கக் கூடாதுப்பா." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு சொன்னாள்: "அஞ்சாவது தடவை அடிச்சப்ப வீட்ல ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். பையில கையை விட்டேன். நிமிர்ந்து பார்த்தா முன்னால ஆட்டோ நின்னுடுச்சு. ஒரு சாண்தான் இருந்துச்சுப்பா."

அப்பா எதுவும் சொல்லவில்லை. மகளின் கையிலிருந்து சாவியை வாங்கவும் இல்லை. இத்தனை நாள் எதையெதையோ நினைத்துப் பயந்தார்: பஸ், டெம்போ, ஆடு, ஆட்டோ. அன்றிரவு அந்தக் காருக்குள் இருந்த ஆபத்து அவர் விரலிலிருந்துதான் போனது. மகள்மேல் உள்ள பாசம்தான் ஏழு முறை மணி அடித்தது.

அந்த வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு உண்டு. மகள் காரை எடுத்தால் போன் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் கிளம்புவாள். போய்ச் சேர்ந்ததும் அவளே கூப்பிடுவாள். நண்பர்களோடு இரவுப் பயணம் முதல் ஒரு வருடத்துக்குக் கிடையாது. அவள் வெளியே இருக்கும் நேரத்தில் அப்பாவின் போன் அம்மாவின் பொறுப்பில். அம்மா அதை அரிசி டிரம்முக்குள் வைக்கிறார். அம்மாவின் போன் பாட்டியிடம்.

அபராதம் நான்கும் கட்டியாயிற்று, இந்த முறை தள்ளுபடிக்குக் காத்திருக்காமல். மறுநாள் காலை பால் வாங்கப் போன அப்பா வெகுநேரம் கழித்துத் திரும்பினார். காபிக்காகக் காத்திருந்த பாட்டிக்கு எரிச்சல். "எதிர்ல இருக்கிற கடைக்குப் போய்வர இவ்வளவு நேரமா?"

"அது ஒன்வேம்மா" என்றார் அப்பா, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "சுத்திக்கிட்டு வந்தேன்."

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது, மாஸ்டரின் அதே ராகத்தில்: "நிதான, அப்பா, நிதான."